நூற்றுக்கு நாற்பத்தைந்து

(முன்னாள் மாணவர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன மாதம் போன் செய்து, "தம்பி, டெக்னிக்கலா ஏதாவது பேசு. ஆனா கூட வர்ற குடும்பத்தாருக்கும் புரியணும்" என்றார். இது என்னடா சோதனை என்று நினைத்தேன். 2008-இல் மெக்கானிக்கல் முடித்து இந்த வாசலைத் தாண்டிப் போனவன் நான். இன்று கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. போர்வெல்லுக்குள் இறக்கும் மோட்டார் எத்தனை வருஷம் ஓடும், ஆயிரம் மோட்டார் விற்றால் வாரண்டி காலத்துக்குள் எத்தனை திரும்பி வரும், இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பேர் இப்போதே சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விடுவீர்கள். அதனால் அந்தக் கணக்கு என் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்கிறேன்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் ஏலம் கூறுகிறவர். முப்பது வருஷம் அவருடைய குரல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. தக்காளிப் பெட்டி முன்னால் நின்று அவர் சத்தம் கொடுத்தால் மார்க்கெட்டின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். கூடவே பீடி. ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு. 2015 கடைசியில் குரல் கம்மியது. "ஏலம் போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிக்கிச்சு" என்று பனங்கற்கண்டும் மிளகும் போட்டுக்கொண்டு ஆறு மாதத்தை ஓட்டிவிட்டார். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. குரல்வளையில் புற்றுநோய். குருத்தெலும்பைத் தாண்டி வெளியே வந்திருந்தது. கழுத்தில் ஒரு நெறிகட்டி. நான்காம் நிலை.

இந்த "நிலை" என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். டி, என், எம் என்று மூன்று எழுத்து. கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது டி. கழுத்து நெறிகட்டிகளுக்குப் போயிருக்கிறதா என்பது என். நுரையீரல், ஈரல் மாதிரி தூரத்து உறுப்புகளுக்குத் தாவியிருக்கிறதா என்பது எம். பியர் தெனுவா என்ற பிரெஞ்சு டாக்டர் 1940-களில் வகுக்கத் தொடங்கிய முறை இது. இந்த மூன்றையும் சேர்த்துத்தான் ஒன்று முதல் நான்கு வரை நிலை போடுகிறார்கள். மூன்றும் நான்கும் முற்றிய நிலை. அப்பாவுக்கு நான்கு என்றாலும் எம் இல்லை. அதாவது வேறு உறுப்புக்குப் போகவில்லை. நான்காம் நிலை என்றவுடன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறோமே, அது தவறு. குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்யும் சிகிச்சை அந்த நிலையிலும் உண்டு.

"குரல்வளையை எடுக்காமல் முடியாதா சார்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் முற்றிய குரல்வளைப் புற்றுநோய் உள்ள 332 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 1991-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்கு அறுவையும் பிறகு கதிர்வீச்சும். மறு பாதிக்கு முதலில் மருந்து, பிறகு கதிர்வீச்சு. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தவர்கள் 68 சதவீதம். மருந்துப் பக்கத்தில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளையும் தப்பியது. அதன் பிறகு உலகம் முழுக்க வைத்திய முறையே மாறியது. ஆனால் குருத்தெலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்ட கட்டிக்குப் பெரும்பாலும் இன்றும் அறுவைதான். டாக்டர் அதைப் பொறுமையாகச் சொன்னார். 2016 ஜூலையில் அப்பாவின் குரல்வளையை முழுவதும் எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை. கையில் ஒரு சிலேட்டு.

இதே அறுவையை முதன்முதலில் புற்றுநோய்க்காகச் செய்தவர் வியன்னாவின் பில்ராத், 1873 டிசம்பர் 31-ஆம் தேதி. அந்த நோயாளி அறுவையில் பிழைத்தார். ஆனால் நோய் திரும்பி ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனார். அன்று "மேஜையிலிருந்து உயிரோடு இறங்குவாரா" என்பதுதான் கேள்வி. இன்று கேள்வி, "எத்தனை வருஷம்?"

நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டாக்டர் முதலில் நழுவினார். நான் விடவில்லை. "சார், நான் இன்ஜினியர். எனக்கு நம்பர் வேணும்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, இந்த மாதிரி நூறு பேர்ல அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு நாப்பத்தஞ்சு பேர் இருப்பாங்க" என்றார்.

அந்த நாற்பத்தைந்தை எடுத்துக்கொண்டு போய் நான் என்ன செய்தேன் தெரியுமா? அன்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்து, மோட்டாருக்குப் போடுகிற அதே கணக்கை அப்பாவுக்குப் போட்டேன். பாதிக்குக் கீழே வந்ததால் அப்பா ஐந்து வருஷம் இருக்க மாட்டார் என்று முடிவு கட்டினேன். அப்போது என் தங்கை எம்.எஸ்ஸி. முதல் வருஷம். "படிப்பை நிறுத்து. அப்பா இருக்கும்போதே கல்யாணத்தை முடிச்சிடலாம்" என்று சொல்லி, ஒரு மாப்பிள்ளை வீட்டிலும் பேசிவிட்டேன். அது ஒன்றும் பேசாமல் அழுதது. நான் பெரிய பொறுப்பான அண்ணன் என்று எனக்கு நினைப்பு.

இப்போது அந்தக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். குடும்பத்தார் பயப்பட வேண்டாம், கூட்டலும் பெருக்கலும்தான்.

பத்து மோட்டார் விற்றேன். முதல் வருஷம் இரண்டு பழுது. தாங்கியது பத்துக்கு எட்டு. அதற்குப் பிறகு மூன்று மோட்டாரை வாங்கியவர்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள், தகவல் இல்லை. மிச்சம் ஐந்து. இரண்டாம் வருஷம் அதில் ஒன்று பழுது. தாங்கியது ஐந்துக்கு நான்கு. இரண்டையும் பெருக்கினால் நூற்றுக்கு அறுபத்து நான்கு. தகவல் தெரியாத மூன்றையும் செத்ததாக எழுதவில்லை, ஓடுவதாகவும் எழுதவில்லை. தெரிந்த வரைக்கும் கணக்கில் வைத்து, பிறகு மரியாதையாக இறக்கிவிட்டேன். அவ்வளவுதான் சூட்சுமம். இதற்குக் காப்ளான்–மயர் முறை என்று பெயர். 1958-இல் வெளியானது.

அதன் வரலாற்றைக் கேட்டால் நம் இன்ஜினியர் கூட்டத்துக்குப் பெருமையாக இருக்கும். எட்வர்ட் காப்ளான் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். கடலுக்கடியில் போகும் டெலிபோன் கேபிளில் வைக்கும் வெற்றிடக் குழாய்கள் எத்தனை காலம் தாங்கும் என்பது அவர் பிரச்சினை. பால் மயர் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கணக்கிட வழி தேடியவர். இருவரும் தனித்தனியாக எழுதி ஒரே பத்திரிகைக்கு அனுப்ப, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே கட்டுரையாகக் கொடுங்கள்" என்றார்கள். கடலடிக் குழாயும் புற்றுநோயாளியும் ஒரே சூத்திரத்தில்! பிறகு 1972-இல் டேவிட் காக்ஸ் ஒரு வழி சொன்னார். வயது, நிலை, நெறிகட்டி என்று ஒவ்வொரு காரணமும் ஆபத்தை எத்தனை மடங்கு கூட்டுகிறது என்று பிரித்துப் பார்க்கும் வழி. அவரும் தொடக்கத்தில் விமான ஆராய்ச்சியிலும் கம்பளி ஆராய்ச்சியிலும் இருந்தவர்தான்.

ஆக, கணக்கு நம்முடையது. ஆனால் அதை வாசிப்பதில் நான் தப்புச் செய்தேன். அதைத் திருத்தியவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய என் அப்பா.

கல்யாணப் பேச்சு அவர் காதுக்கு எட்டியது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏன் அவசரம்?" என்று சிலேட்டில் எழுதினார். நான் மென்று விழுங்கி, நாற்பத்தைந்து சதவீதத்தைச் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு. பிறகு துடைத்துவிட்டு எழுதினார்: "மார்க்கெட் விலை வேற. பெட்டி விலை வேற. பெட்டியத் தொறந்து பாத்தியா?"

மண்டிக்காரர்களுக்கு இது தினசரிப் பாடம். இன்றைக்குத் தக்காளி என்ன விலை என்றால் ஒரு விலை சொல்வார்கள். ஆனால் எந்தப் பெட்டியும் அந்த விலைக்கே போக வேண்டும் என்றில்லை. திறந்து, மேல் அடுக்கையும் அடி அடுக்கையும் பார்த்த பிறகுதான் அந்தப் பெட்டிக்கு விலை. டாக்டர் சொன்ன நாற்பத்தைந்து, மார்க்கெட் விலை. பெட்டியை நான் திறக்கவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சார், பெட்டிக்குள்ள என்ன இருக்கு?" என்கிற மாதிரி கேட்டேன். அறுவையில் எடுத்த சதையைச் சோதித்த ரிப்போர்ட் அன்றைக்குத்தான் வந்திருந்தது. அதை வைத்து டாக்டர் எனக்குப் பாடமே நடத்தினார். உங்களுக்கும் உதவும், சொல்கிறேன்.

முதலில் கழுத்து நெறிகட்டி. அதில் நோய் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு பொதுவாகச் சுமார் பாதியாகக் குறையும் என்பது பழைய அனுபவக் கணக்கு. எத்தனை நெறிகட்டியில் என்பதும் முக்கியம். அப்பாவுக்கு ஒன்றே ஒன்று. இரண்டாவது, அந்த நெறிகட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு நோய் வெளியே வந்திருக்கிறதா? வரவில்லை. மூன்றாவது, வெட்டியெடுத்த விளிம்பில் நோய் மிச்சம் இருக்கிறதா? இல்லை, சுத்தம். இந்தக் கடைசி இரண்டும்தான் பெரிய எமன்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய சோதனைகள் 2004-இல் வெளிவந்தன. இவை இரண்டில் ஒன்று இருந்தாலும் கதிர்வீச்சோடு மருந்தும் சேர்த்துத் தருவது நல்லது என்று அவற்றின் அடிப்படையில்தான் முடிவுக்கு வந்தார்கள். அப்பாவுக்கு இரண்டும் இல்லாததால் கதிர்வீச்சு மட்டும் போதும் என்றார்கள். முப்பது நாள், ஆறு வாரம்.

நான்காவது, உடம்பின் மற்ற நோய்கள். இருதயம், நுரையீரல், சர்க்கரை. இது டி, என், எம் எழுத்துகளுக்குள் வராது. ஆனால் ஆயுளைப் பாதிக்கும். பீடி பிடித்தவர்களுக்கு இருதயமும் நுரையீரலும் ஏற்கெனவே அடிபட்டிருக்கும், இன்னொரு புற்றுநோய் புதிதாக வரவும் வாய்ப்பு உண்டு.

எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "இப்போ பாதிக்கு மேலன்னே சொல்லலாம் தம்பி" என்றார். "ஆனா அதைவிட முக்கியம், இதைக் கேளுங்க" என்று விரல் விட்டு எண்ணினார். அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கணும். தொடங்கினால் இடையில் நாள் தவறக் கூடாது. பீடியை அறவே விடணும். எடை குறையாமல் சாப்பிடணும். "நம்பரைக் கேட்டீங்க. நம்பரை மாத்துற விஷயம் இதெல்லாம்."

நான் மூன்று வாரமாக நம்பரை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை மாற்றுவது எப்படி என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தொழிற்சாலையில் ஒரு மோட்டார் பழுதாகும் என்று தெரிந்தால் பேரிங்கை மாற்றுவேனா, இல்லை மோட்டாருக்குக் காரியம் செய்ய நாள் பார்ப்பேனா? வீட்டில் நாள் பார்த்தேன்!

இன்னொரு தப்பும் செய்தேன். நாற்பத்தைந்து என்பது ஒரு தடவை எழுதி முடிகிற எண் இல்லை. தொண்டைப் புற்றுநோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். அதைத் தாண்டினவருக்குக் கணக்கு புதிது. உதாரணத்துக்கு, நூறு பேரில் இரண்டு வருஷம் கழித்து 65 பேர், ஐந்து வருஷம் கழித்து 45 பேர் என்று வையுங்கள். இரண்டு வருஷம் தாண்டிய ஒருவர் ஐந்தைத் தொடும் வாய்ப்பு 65-க்கு 45. அதாவது நூற்றுக்கு 69. ஆள் அதே ஆள், நோய் அதே நோய். தாண்டி வந்த பாதை எண்ணை மாற்றிவிடுகிறது. புது மோட்டார் முதல் சில வாரம் தாங்கிவிட்டால் பிறகு நிம்மதி என்று நம் பேராசிரியர் கரும்பலகையில் குளியல்தொட்டி மாதிரி ஒரு கோடு போட்டுச் சொன்னாரே, அந்தக் கோட்டின் முதல் இறக்கம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான்.

சரி, அனுபவமுள்ள டாக்டர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட மாட்டாரா என்று கேட்பீர்கள். சிகாகோவில் இதையும் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். இது தொண்டைப் புற்றுநோய்க்கு மட்டுமான ஆய்வு இல்லை, கடைசிக் கட்டத்தில் இருந்த பலவித நோயாளிகள் 468 பேர். டாக்டர்கள் 343 பேர். ஓரளவு சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். நூற்றுக்கு 63 கணிப்பு உண்மையைவிட அதிகமாக இருந்தது. நோயாளியோடு அதிக நாள் பழகிய டாக்டரின் கணிப்பு இன்னும் பிசகியது. அன்பு கணக்கைக் கெடுக்கிறது பாருங்கள்! கம்ப்யூட்டருக்கு அன்பு இல்லை. அதனால் அது சரியாகச் சொல்லுமா? இரண்டு நோயாளிகளில் யார் முதலில் போவார் என்று கேட்டு இந்த மாடல்களைச் சோதிப்பார்கள். காசு சுண்டிச் சொன்னாலே பாதி சரியாக வரும். நல்ல மாடல் அதைவிட நிச்சயமாக மேல். ஆனால் நூற்றுக்கு நூறுக்குப் பக்கத்தில் போவதில்லை. கூட்டத்தைப் பற்றி அழகாகச் சொல்லும். உங்கள் அப்பாவைப் பற்றித் தேதி சொல்லாது.

நம் நாட்டுக்கு ஒரு விசேஷமான கஷ்டமும் உண்டு. ஊர் மாறிப் போன மூன்று மோட்டார் சொன்னேனே, ஞாபகம் இருக்கட்டும். அவற்றைக் கணக்கிலிருந்து இறக்கியது நியாயம் என்றால், அவையும் மற்றவை மாதிரியே ஓடுகின்றன என்று அர்த்தம். பழுதானதால்தான் தகவல் வரவில்லை என்றால் என் கணக்கு பொய். நோயாளி செக்-அப்புக்கு வருவதை நிறுத்துகிறார். பஸ்ஸுக்குக் காசில்லையா, நன்றாக இருப்பதால் வரவில்லையா, இறந்துவிட்டாரா? தெரியாது. மெலிந்தவர்கள் வராமல் போனால் ஆஸ்பத்திரியின் சதவீதம் உண்மையைவிட அழகாகத் தெரியும். அடுத்து வருகிற குடும்பம் அந்த அழகான எண்ணை நம்பும். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1981-இல் சென்னைக்கென்று புற்றுநோய்ப் பதிவேடு வந்தது. யாருக்கு வந்தது, யார் பிழைத்தார் என்று பெயர் பெயராகத் தேடி எழுதுகிற வேலை, அறுவை சிகிச்சைக்கு எந்த விதத்திலும் குறைந்த வேலை இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சை முடித்திருந்தால், நன்றாக இருந்தாலும் செக்-அப்புக்கு அனுப்புங்கள். போக முடியாவிட்டால் ஒரு போனாவது செய்யுங்கள். அது உங்களுக்கும் நல்லது, பின்னால் வருகிறவருக்கும் நல்லது.

அப்பா கதையை முடிக்கிறேன். முப்பது நாள் கதிர்வீச்சில் ஒரு நாளும் தவறவில்லை. பீடியை விட்டார். ஐந்து மாதத்தில் மண்டிக்குத் திரும்பினார். இன்னொருவர் சத்தம் போட, அப்பா பெட்டியைத் திறந்து பார்த்து விலையை விரலில் காட்டுவார். அவர் விரலைப் பார்த்துத்தான் ஏலமே தொடங்கும். தங்கை எம்.எஸ்ஸி.யை முடித்தது. 2019-இல் அதற்குப் பிடித்த இடத்தில் கல்யாணம். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்று அது ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறது. நான் அன்று அவசரப்பட்டதை இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் இங்கே நானே சொல்கிறேன்.

2022 மே மாதம் மாரடைப்பில் அப்பா போய்விட்டார். அறுவை முடிந்து ஐந்து வருஷம் பத்து மாதம். கடைசி செக்-அப் வரை தொண்டையில் நோய் இல்லை. ஐந்து வருஷக் கணக்கில் அவர் அந்த நாற்பத்தைந்து பேரில் ஒருவர். புற்றுநோயால் இறந்தவர்களை மட்டும் எண்ணும் வரைபடத்தில் என் அப்பா ஒரு சின்னக் கோடு, "இதுவரை நோய் வெல்லவில்லை" என்று அர்த்தம். ஆபீஸில் தினமும் எத்தனையோ சின்னக் கோடு பார்க்கிறேன். முன்பெல்லாம் அவை எனக்கு மோட்டார்தான்.

எதிரில் என் பேட்ச் நண்பர்கள் சிலர் இடைவேளையில் ஹாஸ்டல் பின்பக்கம் எதற்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், மனைவிமார்கள் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் பனங்கற்கண்டை மூடி வைத்துவிட்டு ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். குரல் நாணில் ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டால் சுமார் பத்தில் ஒன்பது பேருக்கு அது குணமாகும், குரலும் மிஞ்சும். நாங்கள் தொலைத்த ஆறு மாதத்தை நீங்கள் தொலைக்க வேண்டாம்.

அப்படியே யாருக்காவது ஒரு சதவீதம் சொல்லப்பட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். "பெட்டிக்குள் என்ன இருக்கிறது? இந்த எண்ணை மாற்ற நான் நாளைக்குக் காலையில் என்ன செய்ய வேண்டும்?" மூன்றாவதாக, வீட்டில் படிக்கிற பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தாதீர்கள்.

 சாப்பாடு தயாராம், செயலாளர் அண்ணன் கை காட்டுகிறார்.